வெறுங்காலில் நூற்றெட்டுச் சுற்று

குதிகால் வலியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்குப் பொறுமையாகக் கேட்க வராது. பாதியிலேயே மறித்து, "காலையில் எழுந்து வைக்கிற முதல் அடிதானே?" என்று கேட்டுவிடுவேன். சொல்ல வந்தவர் வாயைத் திறந்தபடி தலையாட்டுவார். அந்த முதல் அடி எனக்கு நன்றாகத் தெரியும். பாயை விட்டு எழுந்து காலை ஊன்றியதும் குதிகாலின் நடுவில் ஓர் ஆணி இறங்கும். பத்து அடி வைத்தால் கொஞ்சம் விடும். இருபது அடியில் போயே போய்விட்டது போல இருக்கும். போய்விட்டேன் என்று நம்ப வைத்து ஏமாற்றுவதுதான் அந்த வலியின் குணம். இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், பம்பாய் மாட்டுங்காவில், அது என்னை வாரக்கணக்கில் ஏமாற்றியது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு பால்கனி. நான், என் கணவர், அவருடைய அம்மா, மூன்றே பேர். கணவருக்கு ஃபோர்ட் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. காலை எட்டே முக்கால் வண்டியில் போனால் இரவு ஏழு மணிக்கு வேர்வையும் செய்தித்தாளுமாகத் திரும்புவார். மாமியாருக்கு ஐம்பத்திரண்டு. முப்பது வயதில் கணவரை இழந்தவர். மகனுக்கு வேலை நிலைத்ததும் பாலக்காட்டிலிருந்து ரயிலேறி வந்து, மூன்று மாடி ஏறி உள்ளே நுழைந்தவர், அதற்கப்புறம் அதிகமாக இறங்கியதில்லை. நானும் அதிகமாக இறங்கியதில்லை. அரிசியும் சர்க்கரையும் ரேஷன் கடையிலிருந்து கணவர் கொண்டுவந்துவிடுவார், காய்கறிக்காரி மாடிப்படியில் ஏறி வருவாள். பம்பாயில் ஆறு வருஷம் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அந்த மூன்றாவது மாடியில்தான் இருந்தேன்.

ஒரு நாள் காலை குழாயடியில் குடத்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் கண் இருட்டி விழுந்தேன். அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை. கணவர் பயந்துபோய் தாதரில் ஒரு பார்ஸி லேடி டாக்டரிடம் அழைத்துப் போனார். அந்த அம்மாள் என் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள், பிறகு என் கணவரிடம், நான் கடைசியாக எப்போது வீட்டை விட்டு வெளியே வந்தேன் என்று இந்தியில் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தீபாவளிக்குப் புடவை எடுக்க வந்ததைச் சொன்னார். அப்போது பங்குனி மாதம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

ஒரு டானிக் எழுதினாள். மற்றபடி மருந்து எதுவும் இல்லை. தினமும் ஒரு மணி நேரம் வெளியே நடக்க வேண்டும், அவ்வளவுதான். "கூம்னே ஜாவ், பாயி" என்று என் கன்னத்தில் தட்டினாள். போய்ச் சுற்றிவிட்டு வா என்று அர்த்தம் என்று கணவர் டிராமில் சொன்னார். அந்த வார்த்தையை வீடு வரும்வரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு என்னமோ அதுவே டானிக்காக இருந்தது.

மாமியார் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"நடக்கறதுக்குன்னு ஒரு பொம்மனாட்டி தெருவில இறங்கி நடப்பாளோ? யாராவது எங்க போறேன்னு கேட்டா என்னன்னு சொல்லுவா?"

"டாக்டர் சொல்லியிருக்காம்மா" என்றார் கணவர்.

"டாக்டருக்கென்ன, அவ கவுன் போட்டுண்டு காரில போறவ."

கணவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். பேச்சு முற்றினால் அவர் அதற்குள் புகுந்துவிடுவார். ஆனால் அன்று சாயங்காலமே மாமியார் ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் தெருவிலிருந்து நாலு கட்டிடம் தள்ளி நம்மவர்கள் சேர்ந்து கட்டிய சின்னக் கோயில் ஒன்று இருந்தது. அதன் பிரகாரத்தைத் தினமும் காலையில் நூற்றெட்டுத் தடவை சுற்ற வேண்டியது. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். விலகியிருக்கும் நாட்களை விட்டுவிட்டுப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். "நடந்தாப்பலயும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சு. காலை எதுக்கு வீணா ஆட்டணும்?" என்றார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எங்கள் மனிதர்களுக்கு ஒரு மாங்காய்க்குக் கல்லெறிவது பிடிக்காது.

இப்படித்தான் என் தேகப்பயிற்சி ஆரம்பமாயிற்று.

காலை ஐந்தே காலுக்கு எழுந்து குளித்து, ஈரத்தலையை முடிந்துகொண்டு, புடவைத் தலைப்பில் சுற்றை எண்ண நூற்றெட்டுப் புளியங்கொட்டைகளை முடிந்துகொண்டு இறங்குவேன். தெருவிளக்குகளுக்கு யுத்தத்துக்காக மேலே கறுப்புத் தொப்பி போட்டிருந்தார்கள். அதனால் வெளிச்சம் நேராகக் காலடியில் மட்டும் வட்டமாக விழும். ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்கு இருட்டில் நடந்து போவேன். எங்கோ காப்பிக்கொட்டை வறுக்கும் மணம் வரும். எருமை ஓட்டிக்கொண்டு வரும் பால்காரனின் குரல் கேட்கும், ஆள் தெரியமாட்டான். முதல் டிராம் தெருக்கோடிச் சர்க்கிளில் திரும்பும்போது தலைக்கு மேலே கம்பியில் ஒரு நீலப் பொறி பறந்து அணையும். அந்தப் பொறியைப் பார்த்துவிட்டால் அன்று நல்ல நாள் என்று நானாக ஒன்றை வைத்துக்கொண்டிருந்தேன்.

பிரகாரத்தில் ஷாபாத் கல் பாவியிருந்தார்கள். காலையில் பனிக்கட்டி மாதிரி சில்லென்று இருக்கும். ஒரு சுற்றுக்கு முப்பது காலடி. முதல் பத்துச் சுற்று வரை ஸ்தோத்திரம் நினைவில் இருக்கும். அதற்குப் பிறகு ஸ்தோத்திரம் தானாகப் போய்க்கொண்டிருக்கும், நான் வேறெங்கோ போய்க்கொண்டிருப்பேன். உண்மையைச் சொல்வதில் இப்போது என்ன வெட்கம்? நான் ஸ்வாமியைச் சுற்றவே இல்லை. ரயில் பாதையில் போய்க்கொண்டிருந்தேன்.

வீட்டில் கணவருடைய பழைய ரயில்வே டைம்டேபிள் ஒன்று கிடந்தது. அதில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எத்தனை மைல் என்று போட்டிருந்தது. நூற்றெட்டுச் சுற்றைக் காலடியால் பெருக்கிப் பார்த்தால் ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூட வந்தது. ஒரு மைல் என்றே வைத்துக்கொண்டேன். அப்படியானால் நாள் ஒன்றுக்கு ஒரு மைல். முதல் வாரத்தில் சயானையும் குர்லாவையும் தாண்டிவிட்டேன். பதினைந்தாம் நாள் தாணா. அங்கே கடல் கழியின்மேல் பாலம் உண்டு என்று கணவர் எப்போதோ சொல்லியிருந்தார். அன்று பிரகாரத்தின் வடக்குப் பக்கம் திரும்பும்போதெல்லாம் காலுக்குக் கீழே தண்ணீர் ஓடியது. உப்புக் காற்றுகூட வந்தது. குருக்கள் எதிரே வந்து குங்குமம் கொடுத்தபோது, யார் இவர் பாலத்துக்கு நடுவில் என்று ஒரு கணம் விழித்தேன்.

இருபத்தேழாம் நாள் கல்யாண். நாற்பத்தெட்டாம் நாள் நேரல். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தாதர் டாக்டரைவிடப் பெரிய டாக்டரிடம் அழைத்துப் போயிருப்பார்கள். ஆனால் அந்த நாட்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பது எனக்குத் தெரியும். மயக்கம் நின்றுவிட்டது. பசித்தது. தூக்கம் வந்தது. சாதம் வடிக்கும்போது காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. மகன் பிறந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. அதனால் நான் பிள்ளை வரம் கேட்டுத்தான் சுற்றுகிறேன் என்று கட்டிடமே முடிவு கட்டியிருந்தது. ஒரு நாள் இரண்டாவது மாடியில் யாரோ, "அரசமரத்தைச் சுத்திட்டு அடிவயித்தைத் தொட்டுப் பார்த்தாளாம்" என்று பழமொழி சொல்லிச் சிரித்தது படியேறிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. கோபம் வந்தது. ஆனால் மறுத்துப் பேசவில்லை. பிள்ளைக்காக என்றால் யாரும் தடுக்கமாட்டார்கள். சும்மா நடக்கிறாள் என்று தெரிந்தால்தான் ஆபத்து.

மண்டலம் முடிந்த அன்று மாமியாரிடம், "இன்னும் ஒரு மண்டலம் சுத்தட்டுமா அம்மா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பக்தி வந்துடுத்து போலிருக்கு" என்றார்.

அந்தச் சமயத்தில் வலி வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

முதலில் கல் குத்தியிருக்கும் என்று நினைத்தேன். வலது குதிகால். விளக்கின் கீழ் உட்கார்ந்து பார்த்தேன், முள்ளுமில்லை, வெடிப்புமில்லை, வீக்கமும் இல்லை. எழுந்து வைக்கிற முதல் அடியில் உயிர் போகும். கோயில் போய்ச் சேர்வதற்குள் தணிந்துவிடும். இருபது சுற்றில் மறந்தே போகும். ஆகவே நடந்தால் சரியாகிவிடுகிற வலி இது என்று தீர்மானித்து, வலி கூடக்கூட இன்னும் அழுத்தி நடந்தேன். சில நாள் நூற்றெட்டுக்கு மேல் பத்துச் சுற்று அதிகம் போட்டேன். வீடு திரும்பி உட்கார்ந்து ஒரு முறம் அரிசியில் கல் பொறுக்கிவிட்டு எழுந்தால், மறுபடி அதே ஆணி, அதே இடத்தில்.

வலியைவிட அதை மறைப்பதுதான் பெரிய வேலை. மாமியார் கண் விழிப்பதற்குள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த முதல் இருபது அடியை முடித்துவிடுவேன். உட்கார்ந்தால்தானே எழுந்திருக்க வேண்டும் என்று உட்காருவதையே குறைத்தேன். சமையல் மேடைக்கு முன்னால் ஒற்றைக் காலில் நிற்பேன். கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள், எனக்கும் அப்போது ஒரே நினைப்பு. இது தெரிந்தால் போதும், "வேண்டாம், ஆத்துல இரு" என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். அந்த ஒரு மணி நேரம் போனால் நான் மறுபடி குழாயடியில்தான் விழுந்து கிடப்பேன் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. பயமாக இருந்தது. காலை வெட்டிக்கொண்டாலும் பரவாயில்லை, நடந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். வெட்டிக்கொண்டபின் எப்படி நடப்பது என்று யோசிக்கவில்லை.

கண்டுபிடித்தது கணவர். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்தே கண்டுபிடித்தார்.

"நோக்குக் கால்ல என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"சத்தம் மாறியிருக்கு. முன்னாடியெல்லாம் டக் டக்குனு வருவே. இப்போ டக், அப்பறம் சித்த நேரம் கழிச்சு இன்னொரு டக்."

அழுதுவிட்டேன். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். செங்கல்லைச் சுடவைத்து, மேலே எருக்க இலையை வைத்து, குதிகாலால் மிதிக்க வேண்டும். செங்கல் கட்டிடத்துக்குப் பின்னாலேயே கிடைத்தது. பம்பாயில் எருக்க இலைக்கு எங்கே போவது? அவர் ஆபீஸில் கூட வேலை பார்க்கிற ஒரு மராட்டிக்காரர் வழி சொன்னார். சனிக்கிழமைதோறும் தாதரில் மாருதி கோயில் வாசலில் எருக்க இலையை மாலையாகக் கட்டி விற்பார்கள், அங்கே அனுமாருக்கு அதுதான் சாத்துவது.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். மத்தியானம் அவர் செய்தித்தாளில் சுற்றி ஒரு பெரிய மாலையைக் கொண்டுவந்தார். உதிரியாக இலை கேட்டதற்குப் பூக்காரி திட்டினாளாம். மாமியார் பக்கத்து வீட்டில் பஜனைக்குப் போயிருந்தார். பால்கனியில் கரியடுப்பை மூட்டி, செங்கல்லைச் சுடவைத்து, மாலையிலிருந்து ஓர் இலையாக அவர் பிய்த்து வைக்க, நான் மிதித்தேன். இலை பொசுங்கிப் புகை வந்தது. அந்தச் சூடு எலும்பு வரைக்கும் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் புறங்காலைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என் காலைத் தொட்டது மெட்டி போட்ட நாளுக்கப்புறம் அன்றுதான். அந்தப் புகைக்கு நடுவில் உலகம் ரொம்ப தூரத்தில் இருந்தது.

பஜனை சீக்கிரம் முடிந்துவிட்டது.

"என்னடா இது, அனுமாருக்குச் சாத்தற மாலை! அதையா இவ காலால மிதிக்கறா?" மாமியார் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு பால்கனி வாசலில் நின்றார்.

"இன்னும் சாத்தலையேம்மா. கடையிலேர்ந்து நேரா இங்கதான் வந்தது" என்றார் கணவர். அவர் ஜோக் அடிக்கவில்லை, நிஜமாகவே சமாதானம் சொன்னார்.

அன்று சாயங்காலம் விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது. காலில் வலியோடு சுற்றுவதைப் பகவான் கேட்கவில்லை, இரண்டாவது மண்டலத்தில் எட்டு நாள் ஆனது ஆனதுதான், மீதி பிறகு பார்த்துக்கொள்ளலாம். "ஆத்துலயே இரு" என்றார். நான் எதிர்பார்த்த அதே வார்த்தை.

ஐம்பத்தாறு மைல். கர்ஜத் ஸ்டேஷன். மலையேறுவதற்காகப் பின்னால் இன்னொரு எஞ்சினைக் கோப்பது அங்கேதான். எஞ்சின் வராமல் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டேன். பத்து நாள் நின்றேன். காலையில் ஐந்தே காலுக்குத் தானாக விழிப்பு வரும், பாயிலேயே கிடந்து டிராம் திரும்புவதைக் காதால் கேட்பேன். குதிகால் அப்போதும் விடவில்லை. பதினோராம் நாள் பாத்திரம் தேய்க்கும்போது மறுபடி கண் இருட்டியது.

லேடி டாக்டர் என்னை மேஜையில் ஏற்றி, கட்டைவிரலால் குதிகாலின் ஓர் இடத்தை அழுத்தினாள். கத்திவிட்டேன். எங்கே நடக்கிறாள் என்று கேட்டாள். கணவர் சொன்னார். எத்தனை சுற்று என்று கேட்டாள். அதையும் சொன்னார். செருப்புப் போட்டுக்கொண்டா என்று கேட்டாள். கோயிலில் எப்படிச் செருப்பு என்று அவர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. கல் தரையில், வெறுங்காலில், ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி, முப்பது அடிக்கு நாலு மூலை. செக்குமாட்டைக்கூட இப்படி ஓட்டமாட்டார்கள் என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் கலந்து திட்டினாள். தடித்த அடித்தோலுள்ள செருப்பு, மண் தரை, நேர்ப்பாதை, இந்த மூன்றும் இருந்தால் நடக்கட்டும், இல்லாவிட்டால் நடக்கவே வேண்டாம் என்றாள். ஆறு வாரத்தில் படிப்படியாக விடும் என்றும் சொன்னாள்.

திரும்பும் வழியில் கணவர் செருப்பு வாங்கிவிட்டார். பழுப்புத் தோல், உள்ளே மெத்தென்று ஒரு துண்டு. வீட்டு வாசலில் அது பொட்டலமாகவே இரண்டு நாள் இருந்தது. செருப்பு என்றால் கோயில் இல்லை. கோயில் இல்லை என்றால் புண்ணியம் இல்லை. புண்ணியமும் இல்லாமல் ஒரு பெண்பிள்ளை எதற்காக விடியற்காலையில் வெளியே போக வேண்டும்? யாரும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நான்தான் திறந்தேன்.

"அம்மா, நேக்கு நடக்கணும்."

"கால் சரியாகட்டும். அப்பறம் கோயில்ல விட்ட எடத்துலேர்ந்து சுத்து."

"கோயிலுக்கு இல்லைம்மா."

"பின்னே எதுக்கு?"

எவ்வளவோ காரணம் சொல்லியிருக்கலாம். டாக்டர், டானிக், மயக்கம், பிள்ளை. ஒன்றும் வரவில்லை.

"சும்மா" என்றேன். "சும்மா நடக்கணும். இத்தனை நாளும் சும்மாதான் நடந்தேன். ஒரு நாள்கூட நான் ஸ்வாமியை நினைக்கலை."

கணவர் செய்தித்தாளைத் திருப்பினார். அது தலைகீழாக இருந்தது. மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து போய் ஸ்வாமி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு, அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

மறுநாள் ஐந்தே காலுக்கு நான் விழித்தபோது குளியலறையில் தண்ணீர் சத்தம் கேட்டது. மாமியார் குளித்து, காவிப் புடவைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். கையில் என் புளியங்கொட்டைப் பொட்டலம்.

"நேர்ந்துண்டதை நடுவுல விடப்படாது. பாக்கி நாற்பது நாளை நான் சுத்தறேன். நீ அந்த டாக்டர் சொன்னாப்பல எங்கயாவது போய் நட. யாராவது கேட்டா கோயிலுக்குப் போறோம்னு சொல்லு. பொய்யில்லையே, ஒருத்தி போறாளே?"

எனக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மடியாக இருந்தார், தொடக்கூடாது. "செருப்பைப் பையில போட்டுக்கோ. கீழ போய் மாட்டிக்கோ" என்றார் அடுத்தபடியாக.

அவர் விடியற்காலையில் வெளியே வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அன்று எனக்கு முழுதாகத் தெரியவில்லை. கணவனை இழந்தவள் காலை வேளையில் எதிரே வந்தால் போகிற காரியம் கெடும் என்பார்கள். ஆபீஸுக்குப் போகிற ஆண்கள் படியில் இறங்குவதற்குள் அவர் உள்ளே வந்துவிட வேண்டும். யாரும் அவரிடம் சொல்லி நான் கேட்டதில்லை, அவராகவே இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் இருந்தார். இப்போது கறுப்புத் தொப்பி போட்ட விளக்குகளின் கீழே எனக்கு முன்னால் ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்கு அந்தக் காவிப் புடவை போவதைப் பார்த்தேன். கோயில் வந்ததும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். நான் சற்றுத் தள்ளி, அடுத்தடுத்து ஐந்து தோட்டங்கள் போட்டிருக்கிற இடத்துக்குப் போனேன்.

அங்கே மரங்களுக்கு அடியில் மண் பாதை. ராத்திரி மழையில் நனைந்து மெத்தென்று இருக்கும். முதல் நாள் செருப்பின் சத்தம் எனக்கே கூச்சமாக இருந்தது. இரண்டு பார்ஸிக் கிழவர்கள் எதிரே வந்தார்கள், என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் திரும்பத் தேவையில்லை. நேராகப் போனேன். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது, குயில் ஒன்று விட்டுவிட்டுக் கூவியது, கர்ஜத்தில் எஞ்சினைக் கோத்தாயிற்று. மலை ஏறத் தொடங்கினேன். குகைக்குள் நுழைகிற வண்டிபோல மரநிழலுக்குள் நுழைந்து வெளியே வந்தேன்.

வலி ஒரே நாளில் போகவில்லை. ஆனால் இந்தத் தடவை ஏமாற்றவும் இல்லை. முதல் அடியின் ஆணி முள்ளாயிற்று, முள் வெறும் உறுத்தலாயிற்று. மலைமேல் இருக்கிற லோணாவ்லா ஸ்டேஷனைத் தாண்டியபோது ஒரு காலை எழுந்து ஐந்தாறு அடி வைத்தபிறகுதான், அட, வலிக்கவில்லையே என்று ஞாபகம் வந்தது.

மாமியார் நாற்பது நாளையும் முடித்தார். மறுநாளும் ஐந்தே காலுக்குக் குளித்துவிட்டு வந்து நின்றார். "என் பேர்ல ஒரு மண்டலம் இருக்கட்டும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். ஒருநாள் படியிறங்கும்போது, சுற்றும்போது என்ன நினைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் நினைக்கமாட்டேன். அதான் சுகமா இருக்கு" என்றார். அடுப்படியில் மெல்ல முனகிப் பாட ஆரம்பித்திருந்தார். அவருக்குப் பாட வரும் என்றே எனக்குத் தெரியாது.

அப்புறம் ஒரு நாள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாக விழித்தேன். சமையலறைப் பக்கம் மங்கலான வெளிச்சம். மாமியார் பாயில் உட்கார்ந்திருந்தார். சுவரில் கையை ஊன்றி எழுந்தார். தலைப்பைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டார். பிறகு இடது காலை எடுத்து வைத்தார். அந்த முதல் அடியை நான் பார்த்தேன். சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

"எத்தனை நாளா அம்மா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஒண்ணுமில்லை. கால் மரத்துப் போயிருக்கு."

"குதிகால்தானே?"

எனக்கு முதலில் வந்தது கோபம். ஆத்துல இரு என்று எனக்குத் தீர்ப்புச் சொன்ன அதே வாய்தானே இது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவர் என் கையைப் பிடித்தார்.

"அவன்கிட்டச் சொல்லிடாதேடி. போக வேண்டாம்னுடுவான்."

உள்ளே கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். பிடித்த கையை மாமியார் விடவில்லை. "நான் காலம்பற வெளுக்கறதைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிருந்தது தெரியுமோ நோக்கு? ஆத்துல இரு, ஆத்துல இருன்னு… வலிச்சா வலிக்கட்டும். சொல்லிடாதே."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. இந்த வீட்டில் அவர் ஒருவர்தான் போகலாம், போகக்கூடாது என்று சொல்கிறவர் என்று நான் இத்தனை நாள் நம்பியிருந்தேன். அவருக்கும் சொல்கிறவர்கள் இருந்திருக்கிறார்கள். நான் அவர் பக்கத்தில் நின்று, அந்த இருபது அடியையும் சுவருக்குப் பதிலாக என் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னேன். நடந்தார்.

அன்று கோயில் வாசலில் அவரை விடவில்லை. "இன்னிக்கு மண்ணுல நடக்கலாம்" என்று தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போனேன். செருப்புப் போட்டுக்கொள்ளவே மாட்டேன் என்றுவிட்டார். பாதையை விட்டு ஓரத்துப் புல்லில் அவரை இறக்கினேன். மழை ஈரம் கணுக்கால் வரைக்கும் நனைத்தது. விடிந்துகொண்டிருந்தது, எதிரே ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, புளியங்கொட்டைப் பொட்டலத்தை இடுக்கியபடி, மரங்களை அண்ணாந்து பார்த்தார்.

"எதைடி சுத்தணும்?"

"ஒண்ணையும் சுத்த வேண்டாம்மா. நேரா போலாம்."

பொட்டலத்தைத் தலைப்பில் முடிந்துகொண்டார். பிறகு நடந்தார். ஆபீஸுக்குப் போகிற ஒருவர் குடையும் டிபன் டப்பாவுமாக எதிரே வந்தார். மாமியார் ஒதுங்கவில்லை.